காந்தாரம் இல்லாத ஆறு தந்திகள்

கச்சேரி ஏழரை மணிக்குத்தான். ஆனால் பக்கத்து வீட்டு அம்மா மதியம் இரண்டு மணிக்கே வந்து கதவைத் தட்டிவிட்டார். "சீக்கிரம் கிளம்பு. இருட்டுவதற்குள் உனக்கு ஒரு கல்லறையைக் காட்டவேண்டும்" என்றார். நவம்பரில் இங்கே நாலரைக்கெல்லாம் இருட்டு கட்டிவிடும்.

நான் அயர்லாந்தின் மேற்குப் பக்கம், ஸ்லைகோவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வந்து ஆறு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிடில் வாசிப்பவர். ஸ்லைகோ பிடிலுக்குப் பேர்போன மாவட்டம். 1920களில் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் போட்டு அயர்லாந்து முழுவதையும் தன் பாணிக்கு இழுத்த மைக்கேல் கோல்மன் இங்கே கில்லாவில் என்ற ஊர்க்காரர். அந்த அம்மா அவரைப் பற்றிப் பேசினால் சொந்தப் பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். அப்படிப்பட்டவர் என்னைப் பிடில் கச்சேரிக்கு அழைக்காமல், ஒரே ஒரு ஆள் கிதார் வாசிக்கும் கச்சேரிக்கு அழைத்துப் போனதுதான் எனக்கு ஆச்சரியம். "நானே நாற்பது வயது வரை கிதாரை நம்பவில்லை" என்று காரில் சொன்னார்.

இங்கே பப்களில் செஷன் என்று ஒன்று நடக்கும். ஒரு மேஜையைச் சுற்றிப் பிடில், புல்லாங்குழல், கான்செர்ட்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம், ஊதுபை என்று உட்கார்ந்து ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். கிதார்க்காரர் ஒருவர் ஓரமாக இருப்பார். அவர் வேலை கார்டு போடுவது, அதாவது சில ஸ்வரங்களை ஒன்றாக மீட்டுவது, தாளத்தைத் தாங்குவது. மெட்டு அவர் கைக்கு வராது. காரணம் இருக்கிறது. பிடிலில் வில் இழுபடும் வரை ஸ்வரம் நிற்கும், குழலில் மூச்சு இருக்கும் வரை நிற்கும். கிதாரில் மீட்டிய நொடியிலேயே ஒலி தேய ஆரம்பித்துவிடும். ரீல் என்ற நடன மெட்டு நொடிக்கு ஏழு ஸ்வரத்துக்குமேல் ஓடும். அந்த வேகத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் மீட்டி, கூடவே கீழ்த்தந்தியில் ஆதாரத்தையும் விடாமல் பிடித்து, கேட்பவர் காலும் ஆடவேண்டும் என்றால் அது பெரிய காரியம்.

முதலில் கல்லறை. ரோஸ்காமன் மாவட்டத்தில் கீடியூ என்ற சின்ன ஊர். அதற்குப் பக்கத்தில் லாக் மீலா ஏரிக்கரையில் கில்ரோனன் மயானம். மழை தூறிக்கொண்டிருந்தது. யாழ் மாதிரியான ஹார்ப்பை வாசித்து மெட்டுக் கட்டிய டர்லோ ஒ'காரலன் அங்கேதான் இருக்கிறார். 1670இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் அம்மை போட்டுக் கண் போயிற்று. அவர் அப்பா வேலை பார்த்த மெக்டெர்மாட் ரோ குடும்பத்தின் அம்மையார் அவருக்கு ஹார்ப் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பிறகு ஒரு குதிரையும் வழிகாட்ட ஓர் ஆளும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். அதற்கப்புறம் ஏறக்குறைய ஐம்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தங்குவது, அந்த வீட்டுப் பெரியவர் பேரில் ஒரு மெட்டுக் கட்டுவது, சாப்பிடுவது, அடுத்த ஊர். யாழைத் தூக்கிக்கொண்டு வள்ளலைத் தேடிப் போன நம் பாணர்களை நினைத்துக்கொண்டேன். 1738 மார்ச்சில், தன்னை முதலில் அனுப்பிவைத்த அதே அம்மையார் வீட்டுக்குத் திரும்பிவந்து இறந்தார். அவர் மெட்டுகள் இருநூறுக்குமேல் இன்றும் இருக்கின்றன.

அந்த அம்மா கல்லறை முன்னால் நின்று ஒரு விஷயம் சொன்னார். ஹார்ப் கற்பவர்கள் சின்னப் பிள்ளையிலேயே தொடங்கிவிடுவார்கள். இவர் தொடங்கியதே பதினெட்டில். அதனால் கை அவ்வளவு தேறவில்லை. முதலில் தங்கிய வீடுகளில் ஒன்றில், ரெனால்ட்ஸ் என்ற பெரிய மனிதர் இவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, வாசிப்பதைவிடப் பாட்டுக் கட்டினால் உனக்கு நன்றாக வரலாம் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த இரண்டு குன்றுகளின் கதையைக் கொடுத்தாராம். இரண்டு குன்றுகளிலும் வாழ்ந்த தேவதைக் கூட்டங்கள் ஒன்றோடொன்று போரிட்ட கதை. அதுதான் ஒ'காரலனின் முதல் மெட்டு, ஷீபெக் ஷீமோர். "அந்தக் குன்றுகள் இருக்கும் மாவட்டத்தில்தான் இன்று கச்சேரி" என்றார்.

லெய்ட்ரிமில், லாக் ஆலன் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பழைய சர்ச் ஒன்றை ஊர்க்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். மொத்தம் நாற்பது பேர் இருப்போம். மர நாற்காலிகள், ஒரு கேஸ் அடுப்பு, மூலையில் டீப்பாத்திரம். டிக்கெட் பதினைந்து யூரோ. மேடை என்று ஒன்று இல்லை, ஒரு கம்பளம் விரித்து அதன்மேல் ஒரு நாற்காலி. மைக் கிடையாது.

வாசித்தவர் பெயரை எழுதவில்லை. அவர் பிரபலம் இல்லை, எழுதுவதற்கு அவரிடம் கேட்கவும் இல்லை. டொனகால் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர், பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வட அயர்லாந்தில் செய்யப்படும் லோடன் கிதார் ஒன்று. வலது கை நகங்களுக்கு மட்டும் அக்ரிலிக் பூசியிருந்தார்.

சுருதி சேர்க்க ஆரம்பித்தார். நான் கும்பகோணத்தில் ஏழு வருடம் வீணை கற்றவள். என் காது அங்கேயே நின்றுவிட்டது. கீழிருந்து மேலே ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டினார். ஸ, ப, ஸ, ம, ப, ஸ. வழக்கமான கிதார் சுருதி இப்படி இருக்காது. கீழ்த்தந்தியையும் மேலே உள்ள இரண்டு தந்திகளையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கிவிட்டால் இது வந்துவிடும். கிதார்க்காரர்கள் இதை D, A, D, G, A, D என்ற ஆறு எழுத்துகளைச் சேர்த்து 'டாட்காட்' என்கிறார்கள். வீணையின் வாசிப்புத் தந்திகள் நான்கும் ஸவும் பவும்தான். இங்கே கூடுதலாக ஒரு மத்யமம், அதாவது ம. ஆனால் காந்தாரம், அதாவது க, இல்லை. இதுதான் விஷயமே. ஒரு கார்டை மேஜர் என்றோ மைனர் என்றோ முடிவு செய்வது காந்தாரம். அதைத் திறந்த தந்தியில் வைக்காததால், மெட்டு எந்தப் பக்கம் போனாலும் பின்னணி குறுக்கே நிற்காது. ஐரிஷ் மெட்டுகளில் பாதி நமக்கு சங்கராபரணமாகவும் ஹரிகாம்போஜியாகவும் கேட்கும், மீதி கரகரப்பிரியாவும் நடபைரவியும். எல்லாவற்றுக்கும் ஊதுபையின் ஒத்து, அந்த விடாமல் ஒலிக்கும் ஆதார ஸ்வரம், ஒன்றே. இந்தச் சுருதியில் கிதாருக்கும் அந்த ஒத்து கிடைத்துவிடுகிறது.

இது அயர்லாந்தில் பிறந்த சுருதியும் இல்லை. டேவி கிரஹாம் என்ற இங்கிலாந்துக் கலைஞர், அப்பா ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்காரர், அம்மா கயானாக்காரர், 1960களின் தொடக்கத்தில் மொராக்கோ போனார். அங்கே ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க இந்தச் சுருதியை வைத்துக்கொண்டார். திரும்பிவந்து அதில் ஐரிஷ் மெட்டு வாசித்தார். பிறகு 1970களின் நடுவில் தொடங்கிய பாத்தி பேண்ட் என்ற ஐரிஷ் இசைக்குழுவில் மீஹால் ஓ டோனல் அதையே வைத்துக்கொண்டு கார்டு போட, அயர்லாந்து முழுக்கப் பரவியது. ஆனால் தனியாக மெட்டையே கிதாரில் வாசிப்பது வேறு பாதை. ஸ்காட்லாந்தின் டிக் காகன் 1977இல் நடன மெட்டுகளைக் கிதாரில் வாசித்து ஒரு முழு ஆல்பம் போட்டார். அதற்குச் சில வருடம் கழித்து வட அயர்லாந்தின் ஓமா ஊரின் ஆர்ட்டி மெக்ளின். பக்கத்து வீட்டு அம்மாவின் மனதை மாற்றியது அந்த மெக்ளின் ரெக்கார்டுதான். அதன் உறை கிழிந்து டேப் ஒட்டி இன்னும் வைத்திருக்கிறார்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். இரண்டு ஜிக்கோடு ஆரம்பித்தார். ஜிக் என்றால் திஸ்ர நடை, ஆறு ஆறாக எண்ண வேண்டும். எனக்கு உடனே எட்டு வயது ஞாபகம் வந்தது. டீச்சர் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்று 'சக்தி ஸஹித கணபதிம்'. முத்துஸ்வாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியம் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோம். அந்த பேண்டுக்காரர்கள் வாசித்தவற்றில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் நடன மெட்டுகளும் உண்டு. அப்படியானால் இந்த ஊர்க் கால்கள் ஆடிய மெட்டுகளின் உறவுக்காரர்களை எனக்குப் பாவாடை சட்டை வயதிலேயே தெரியும். இந்த ஊருக்கு வந்தபோது யாருமே தெரியாது என்று நினைத்து அழுதவள் நான்.

அப்புறம் ஷீபெக் ஷீமோர். அதற்கு முன் கிதார்க்காரர் கொஞ்சம் பேசினார். 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்டில், மிஞ்சியிருந்த ஹார்ப் வாசிப்பவர்களைக் கூட்டினார்கள். வந்தது பத்து ஐரிஷ்காரர்கள், வேல்ஸிலிருந்து ஒருவர். வாசிப்பதைக் கேட்டு எழுத எட்வர்ட் பண்டிங் என்ற பத்தொன்பது வயது ஆர்கன் கலைஞரை அமர்த்தினார்கள். வந்தவர்களில் டெனிஸ் ஹெம்ப்சனுக்கு வயது தொண்ணூறுக்குமேல். பித்தளைக் கம்பி போட்ட ஹார்ப்பை நீண்ட நகத்தால் மீட்டும் பழைய முறையில் வாசித்தவர் அவர் ஒருவர்தான். பண்டிங் அந்தச் சேகரத்தை 1796இல் அச்சிட்டபோது பியானோவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டார். ஒ'காரலனின் மெட்டுகளில் பெரும்பாலானவை நமக்குக் கிடைத்திருப்பது ஒற்றை வரியாக, மேல் ஸ்வரம் மட்டும். கீழ்த்தந்திகளில் அவர் கை என்ன செய்தது என்று அந்த வரி சொல்வதில்லை.

"அதனால் கீழே கேட்கப்போவதெல்லாம் என்னுடையது. பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவரை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

அந்த வாசிப்பை எப்படிச் சொல்வது? மெட்டின் அடுத்தடுத்த ஸ்வரங்களை ஒரே தந்தியில் வாசிக்கவில்லை. ஒன்றை இந்தத் தந்தியில், அடுத்ததை அடுத்த தந்தியில். முதல் ஸ்வரம் அடங்குவதற்குள் இரண்டாவது அதன்மேல் வந்து விழுகிறது. கோயில் மணி அடித்து அது ஓய்வதற்குள் இன்னொரு மணி அடிக்கிறதே, அப்படி. கம்பி ஹார்ப்பும் அப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும், அணைத்தால்தான் ஓயும். மீட்டினால் தேய்ந்துவிடும் என்பது கிதாரின் குறை என்று மேலே எழுதினேன். அந்தக் குறையையே இவர் அழகாக்கிக்கொண்டார். தேயும் நேரத்தை எண்ணி வாசித்தார். அந்தப் பூசிய நகங்களையும், தொண்ணூறு வயது ஹெம்ப்சனின் நகங்களையும் மாறி மாறி நினைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்கு முன் ஒரு மெதுவான மெட்டு. போர்ட் நா பூக்கீ, தேவதைகளின் மெட்டு. கெர்ரி கரைக்கு அப்பால் உள்ள பிளாஸ்கெட் தீவுகளிலிருந்து வந்தது. கடல் நடுவே தோல் படகில் இருந்தபோது எங்கிருந்தோ கேட்ட இசை என்று அந்தத் தீவுக்காரர்கள் சொல்வார்கள். படகின் அடியில் ஒலித்த திமிங்கிலப் பாட்டாக இருக்கலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். பெரிய தீவில் கடைசியாக இருந்தவர்களை 1953இல் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அங்கே ஊர் இல்லை.

தாளம் கிடையாது. ஒரு ஸ்வரம் வைத்துவிட்டுக் காத்திருப்பார். கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அடுத்தது. இந்த ஊர்ப் பழைய பிடில்காரர்கள் நிஷாதத்தை, அதாவது நியை, கைசிகி என்ற தாழ்ந்த இடத்துக்கும் காகலி என்ற உயர்ந்த இடத்துக்கும் நடுவே எங்கேயோ வைப்பார்கள். கிதாரின் கழுத்தில் ஸ்வர இடங்களைக் கட்டிப்போடும் கம்பிகள் (பிரெட்) பதித்திருக்கின்றன, அங்கே போக வழியில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இவர் கைசிகிக்கான பிரெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் மயிரிழை இழுத்தார். வீணையில் நாங்கள் இழுக்கும் அதே இழுப்பு, ஆனால் மிகமிகச் சிறியது, திரும்பவும் விடாமல் அங்கேயே நிறுத்திவைத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கம்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் டீயும் பிராக் என்கிற உலர்திராட்சை ரொட்டியும் கொடுத்தார்கள். அவரிடம் போய் அந்த நிஷாதத்தைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் தன் மாமா ஊதுபை வாசித்ததாகவும், அவர் அந்த ஸ்வரத்தை வைத்த இடத்தைக் கிதாரில் தேடியே பத்து வருடம் போனதாகவும் சொன்னார். ஊதுபையில் ஸ்வரத்துக்கு நடுவே விரலால் 'வெட்டு' என்று ஒன்று போடுவார்கள், மேலே ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். பிடிலில் ஐந்து ஸ்வரம் சுற்றிவரும் 'ரோல்'. இவை ஒவ்வொன்றையும் இடது கையால் தந்தியைத் தட்டியும் கிள்ளியும் எப்படிச் செய்வது என்று என் கையைப் பிடித்து நாற்காலி முதுகிலேயே காட்டினார். சொல்லிக்கொடுப்பதில் என் டீச்சருக்கும் இவருக்கும் ஒரே அவசரம், எல்லாவற்றையும் இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்று.

இரண்டாம் பாதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே ஒன்று, குட்டை ஸ்வரம் முதலில் வந்து நீண்ட ஸ்வரத்தில் சட்டென்று மோதும் நடை. பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதி வட்ட நடனம் ஒன்று. இன்னும் இரண்டு ஒ'காரலன்.

கடைசியாக மூன்று ரீல். நடுவில் நிறுத்தாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது இங்கே வழக்கம். முதலாவது செஷனில் நூறு முறை கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா காலால் தட்ட ஆரம்பித்தார். இரண்டாவதற்கு மாறியதும் தட்டுவது நிற்கவில்லை, ஆனால் தலை நிமிர்ந்தது. மூன்றாவது மறுபடி பழையது. கைதட்டல் அடங்குவதற்குள் அந்த அம்மா சத்தமாகக் கேட்டுவிட்டார்: "நடுவிலே வந்தது யாருடையது?"

"என்னுடையது."

"பேர் என்ன?"

"இன்னும் வைக்கவில்லை."

"மறுபடி வாசி. மெதுவாக."

எழுந்து நின்றிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் பாதி வேகத்தில் இரண்டு தடவை வாசித்தார். எட்டு அளவு, திரும்ப அதே எட்டு, பிறகு இரண்டாம் பாகம் எட்டு, திரும்ப. அந்த அம்மா ஒலிப்பதிவு எதுவும் செய்யவில்லை. கண்ணை மூடி, மடியில் இடது கை விரல்களால் பிடில் பிடிப்பதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த மெட்டில் நான் கேட்டது இதுதான்: முதல் பாகம் முழுக்கக் காந்தாரத்தைத் தொடவே இல்லை. இரண்டாம் பாகத்தின் நடுவில் ஒரே ஒரு முறை, அதுவும் இறங்கி வரும்போது, கோமளமாக. அந்தச் சுருதியின் குணத்தைத் தெரிந்து, அதற்கென்றே கட்டிய மெட்டு. கிதாரில் பிறந்தது. ஆனால் முன்னும் பின்னும் இருந்த இருநூறு வருட மெட்டுகளுக்கு நடுவே அதை யாரும் வேற்றாளாக நினைக்கவில்லை. ஒ'காரலனுடையதும் ஒரு நாள் யாரோ ஒரு வீட்டுக் கூடத்தில் புதிதாகக் கேட்டதுதானே.

திரும்பி வரும்போது காரில் ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. அந்த அம்மா வைப்பர் சத்தத்துக்கு நடுவில் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். காலூனி தாண்டியபோது கவனித்தேன், இரண்டாம் பாகத்தில் அவர் இறங்க வேண்டிய இடத்தில் ஏறினார், காந்தாரமும் கொஞ்சம் தூக்கலாக விழுந்தது. "அவர் அங்கே இறங்கினார்" என்றேன்.

"அப்படியா? பிடிலில் ஏறினால்தான் வில் சரியாக வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறித்தான் பாடினார்.

அடுத்த புதன்கிழமை செஷனில் அதை வாசித்தார், தன் வழியில். இரண்டாவது சுற்றில் புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது, மூன்றாவதில் கான்செர்ட்டினா. முடிந்ததும் குழல்காரப் பையன் இது என்ன மெட்டு என்று கேட்டான். அந்த அம்மா வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டே, "பஸ் டிரைவரின் ரீல்" என்றார்.